படங்கு மூடிய கார்

அன்புள்ள அண்ணா,

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறேன். 2016-ல் வாங்கிய வேகன் ஆர் ஒன்று வீட்டில் நிற்கிறது. வேலைக்குப் போவது மோட்டார் சைக்கிளில். மாதத்தில் ஒருநாள் கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ காரை எடுத்தால் உண்டு. வாங்கியதைப்போல இரண்டு மடங்கு விலைக்குக் கேட்கிறார்கள். இறக்குமதியும் திறந்துவிட்டது. விலை இறங்குமுன் விற்றுவிடவா? அவசரத்துக்கு இருக்கட்டும் என்கிறார் மனைவி. விற்றால் பணத்தை வங்கியில் போடுவதா, நகையாக்குவதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

வங்கியா நகையா என்பதை என்னிடம் கேட்பவர் என் வீட்டை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். அதை விடுங்கள்.

இரண்டு மடங்கு என்று குதிக்கவும் வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022-ல் 200 ரூபாயில் நின்ற டொலர் இரண்டு மூன்று மாதத்தில் 360-க்குப் போனது. உங்கள் கார் வளர்ந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள், ரூபாய் மெலிந்துபோனது. விற்ற காசுக்கு இன்னொரு பழைய வேகன் ஆர்தான் வரும்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்ற சொல்லுக்காக. அது என் அப்பாவின் சொல்.

எங்களிடம் ஓர் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. 1990-க்குப் பிறகு போர்த் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் இல்லை. கார்பரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஊரே அந்தப் புகையில்தான் போய்வந்தது. அப்பாவுக்கு மனம் வரவில்லை. எஞ்சின் கெட்டுவிடும் என்று காரை மாமரத்தடியில் நாலு கல்லில் ஏற்றிப் படங்கால் மூடினார். ஹயர் (வாடகைக் கார்) ஓடுகிற ஒருவர் இரண்டு தடவை நல்ல விலைக்குக் கேட்டு வந்தார். "இன்னும் ஏறும்" என்று அப்பா அவரிடம் சொன்னார். அவர் படலையைத் தாண்டியதும் எங்களிடம், "அவசரத்துக்கு இருக்கட்டும்." ஒரு சோடாப் போத்தல் பெற்றோல் சாமியறையில் இருந்தது, பிள்ளையாருக்குப் பக்கத்தில். பின் சீற்றில் கோழி முட்டையிட்டது.

அவசரம் 1995 ஒக்ரோபர் 30 இரவு வந்தது. இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க மழையில் கிழக்கே தென்மராட்சிக்குப் புறப்பட்டது. அப்பம்மாவால் நடக்க ஏலாது. அப்பா படங்கை இழுத்தெறிந்து, போத்தலைக் கவிழ்த்து, முன்னால் கைபிடியைச் செருகிச் சுற்றினார். சுற்றவில்லை. அண்ணாவும் சேர்ந்து தொங்கினார். அசையவே இல்லை, எஞ்சின் உள்ளுக்குள் இறுகிக் கிடந்தது. கடைசியில் அப்பம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்தோம். நாவற்குழிப் பாலத்தடியில் விடிந்தபோதுதான் பார்த்தேன், அப்பா அந்தக் கைபிடியை இன்னமும் கையில் வைத்திருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது கார் இல்லை, நாலு கல்லும் இருந்தன.

கடிதம் முழுக்க விலை எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக எப்போது ஸ்டார்ட் செய்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. பற்றரி எத்தனை வருஷம்? ரயருக்குக் காற்றுப் பார்த்தீர்களா? அவசரத்துக்கு என்றால் கிழமைக்கு ஒருமுறையாவது சாவகச்சேரி வரை ஓட்டிவிட்டு வாருங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. அதற்குச் சோம்பலா, நாளைக்கே விற்றுவிடுங்கள். பத்தாயிரம் குறைந்தால் குறையட்டும். ஆனால் பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பிறகு யாரோ எங்கேயோ இடித்துவிட்டுப் போக, பொலிஸ் உங்கள் வீட்டுப் படலையைத்தான் தட்டும்.