கேஸ் ஏன் குறைந்தது என்று கேட்கிறவர்களுக்கு: ஏசி, குளிர்பதனம், பிளம்பிங் வேலை பற்றிக் கேள்வி பதில்

மதுரைப் பக்கம் ஏசி, குளிர்பதன வேலையில் 21 வருடமாக இருக்கிறேன். ஐடிஐ முடித்து ஹெல்பராகத் தொடங்கி, சர்வீஸ் சென்டர், அப்புறம் ஐந்து வருடம் துபாய், இப்போது நான்கு பேரை வைத்து ஹோட்டல், ஆஸ்பத்திரி, கோல்ட் ஸ்டோரேஜ் பராமரிப்பு. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: பையன் பத்தாவது பாஸ் பண்ணியிருக்கிறான். ஐடிஐயில் இரண்டு வருடம் போடுவதா, தெரிந்தவர் கடையில் இப்போதே விடுவதா? மூன்று மாதத்தில் தொழில் வந்துவிடும் என்கிறார் கடைக்காரர்.

ஐடிஐயிலேயே சேர்த்துவிடுங்கள் அம்மா. மூன்று மாதத்தில் வாட்டர் சர்வீஸ் செய்யவும், யூனிட்டை மாட்டிக் கழற்றவும் வந்துவிடும், அது உண்மைதான். ஆனால் ஒரு மிஷின் ஏன் குளிரவில்லை என்று சொல்ல வராது, சம்பளம் கூடுவது அங்கேதான். குளிர்பதன, ஏசி டெக்னீஷியன் பிரிவு இரண்டு வருடம். அரசு ஐடிஐயில் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. இன்னொன்று முக்கியம்: பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்துவிட்டு அதே மாதிரி பிஇ இரண்டாம் வருடத்திலும் சேரலாம். இன்று கடைக்குப் போனால் அந்தக் கதவு அடைபடும். விடுமுறையில் கடைக்கு அனுப்புங்கள், கையும் பழகும்.

கேள்வி: அண்ணே, ஒரு கடையில் ஒன்றரை வருடமாக இருக்கிறேன். "கூலிங் இல்லை என்றால் கேஸை ஏற்றிவிட்டு வா, லீக் எல்லாம் தேடாதே, நேரம் போகும்" என்கிறார் ஓனர். எனக்கு உறுத்துகிறது. எல்லா இடத்திலும் இப்படித்தானா?

எல்லா இடத்திலும் இல்லை தம்பி, உனக்கு உறுத்துவது நல்லது. ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வது கிடையாது. அது மூடிய சுற்று, பத்து வருடம் ஆனாலும் அதே அளவு இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. லீக்கைப் பார்க்காமல் கேஸ் ஏற்றினால் வீட்டுக்காரர் பணம் வீண், கேஸும் காற்றில் போய்ச் சேரும். ஆர்-410ஏ என்கிற ஏசி கேஸ் ஒரு கிலோ வெளியே போனால் இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடத்தில் நானும் இதைத்தான் செய்தேன். ஒரு பால் டிப்போவின் சின்ன கோல்ட் ரூம், ஒரே மாதத்தில் இரண்டு தடவை கேஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நின்றுபோய், 300 லிட்டர் பால் திரிந்து போனது. பைப்பை இணைக்கும் ஃபிளேர் நட்டில் மயிரிழை விரிசல், சோப்புத் தண்ணீர் தடவியிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த டிப்போக்காரர் என்னைத் திட்டவில்லை, பாலைச் சாக்கடையில் ஊற்றுவதை நின்று பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு லீக் பார்க்காமல் ஒரு சிலிண்டரையும் நான் திறந்ததில்லை.

வரிசையை மனதில் வைத்துக்கொள். உள்ளே மிச்சம் இருக்கும் கேஸை, அதற்கென்றே இருக்கும் ரெக்கவரி சிலிண்டரில் பிடி. நைட்ரஜன் ஏற்றி பிரஷர் நிற்கிறதா பார், லீக்கைக் கண்டுபிடித்து அடை, மறுபடி பிரஷர் பார். அப்புறம் வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, வேக்கத்தை அளக்கும் மீட்டரில் 500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுவந்து, பம்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் முள் ஏறாமல் நிற்கிறதா கவனி. கடைசியில் தராசு வைத்து, யூனிட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எடைக்குக் கேஸ் போடு. நைட்ரஜன் இல்லை என்று ஆக்ஸிஜனை ஒருபோதும் ஏற்றிவிடாதே, உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போயிருக்கிறது. ஒன்றரை வருடம் அந்தக் கடையில் இருந்தது போதும். செய்கிற வேலையை எழுதி வைக்கிற இடமாகப் பார்த்து மாறு, தொடக்கத்தில் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: ஆர்-32 தீப்பிடிக்கும் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், பழைய பழக்கத்தை விட வேண்டும். பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 கேஸ் காலத்தில், கேஸ் உள்ளே இருக்கும்போதே பைப்பை ஒட்டும் நெருப்பு டார்ச்சைப் பற்றவைத்தவர்கள் உண்டு. ஆர்-22 எரியாது, ஆனால் ஓசோனைக் கெடுக்கும், 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வரும் 2030க்குள் நம் நாட்டில் அநேகமாக நின்றுவிடும். இப்போது வீட்டு ஏசியில் அதிகம் வருவது ஆர்-32, லேசாக எரியக்கூடியது. சில மாடல்களில் ஆர்-290 இருக்கும், அது புரொப்பேன், நன்றாகவே எரியும். இன்றைய ஃபிரிட்ஜில் ஆர்-600ஏ, அதுவும் எரியும். ஜன்னலைத் திற, கேஸை முழுதாக எடு, நைட்ரஜன் விட்டுக் கழுவு, அதற்கப்புறம்தான் நெருப்பு. ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டுக்கும் பிரஷர் ஆர்-22ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல், பழைய கேஜும் ஹோஸும் தாங்காது.

கேள்வி: ஆறு வருட ஹெல்பர் அனுபவம், சர்டிஃபிகேட் இல்லை. வயது 28. கல்ஃபுக்கு ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரி பாருங்கள். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது, முதலில் அங்கே பதியுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், என்னோடு ரூமில் இருந்த ஒருவர் அப்படி வந்து எட்டு மாதம் சம்பளம் இல்லாமல் தவித்தார்.

சர்டிஃபிகேட்டுக்கு வழி இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் ஐடிஐயில் உட்காராமலே தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாம், அறிவிப்பு வரும்போது உங்கள் மாவட்ட அரசு ஐடிஐயில் விசாரியுங்கள். ஸ்பிளிட் ஏசி மட்டும் தெரிந்து அங்கே போனால் அதே சம்பளத்தில் நிற்பீர்கள். பெரிய கட்டடங்களுக்கான விஆர்எஃப் (ஒரு அவுட்டோரில் பல இன்டோர்), சில்லர் (தண்ணீரைக் குளிர்வித்து அனுப்பும் பெரிய மிஷின்) தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. வெயிலையும் சொல்லிவிடுகிறேன், எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே உண்டு, அந்த அளவுக்குச் சூடு.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் வேலையே இல்லை சார். மார்ச்சிலிருந்து ஜூன் வரை தூக்கம் இல்லை. இதுதான் வாழ்க்கையா?

வீட்டு ஏசியை மட்டும் நம்பினால் இதுதான். மழை பெய்தால் பால் குளிர வேண்டாமா, மீன் கெடாமல் இருக்குமா? பால் குளிரூட்டும் நிலையம், மீன்பிடித் துறைமுக ஐஸ் பிளாண்ட், மருந்துக் கிடங்கு, ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர், இதற்கெல்லாம் சீசன் கிடையாது. வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் நான்கு பிடித்தால் அடைமழையிலும் சம்பளம் போடலாம். ஐஸ் பிளாண்டில் பெரும்பாலும் அமோனியா, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், கற்றவர்கள் குறைவு என்பதால் மரியாதை அதிகம். மலைப் பகுதியில் இருப்பவர்கள் ஹோட்டல்களின் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரைக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவும் ஏசிதான், வேலை செய்யும் திசை மட்டும் வேறு.

கேள்வி: நான் பெண். ஐடிஐயில் இந்தப் பிரிவு கேட்டால் "தையல் எடும்மா" என்கிறார்கள்.

நீங்கள் கேட்டதையே எடுங்கள் தங்கச்சி. அவுட்டோர் யூனிட் தூக்குவது ஆணாக இருந்தாலும் இரண்டு பேர் வேலை. மற்றபடி மீட்டர் பிடிப்பது, சர்க்யூட் படிப்பது, பிரேசிங் (செம்புப் பைப்பை நெருப்பில் ஒட்டுவது) எல்லாம் பொறுமை கேட்கிற வேலை. என்னிடம் இருக்கும் நான்கு பேரில் ஒருவர் பெண், இன்வெர்ட்டர் ஏசியின் போர்டு பழுது என்றால் முதலில் அவரைத்தான் அனுப்புகிறேன். உங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை, எல்லோருக்கும் சொல்வதுதான்: மூன்றாவது மாடி சன்ஷேடில் பெல்ட் இல்லாமல் இறங்கச் சொன்னால் இறங்காதீர்கள்.

கேள்வி: முதலில் என்ன டூல் வாங்குவது?

கிளாம்ப் மீட்டர் (வயரைக் கழற்றாமலே கரண்ட் அளப்பது), அதுவும் நல்லதாக. "கம்ப்ரஸர் போச்சு" என்று வரும் புகார்களில் பாதி, மோட்டாரைக் கிளப்பிவிடும் சின்ன பார்ட்டான கெபாசிட்டரின் பழுதுதான்.

கேள்வி: பிளம்பர் நான், எட்டு வருடம். புது அபார்ட்மெண்ட்களில் நல்ல வேலை வருகிறது. ஆனால் சில வீட்டில் செப்டிக் டேங்கில் இறங்கி அடைப்பு எடுக்கச் சொல்கிறார்கள், 2,000 தருகிறேன் என்கிறார்கள்.

இறங்காதீர்கள் அண்ணே. 2,000 இல்லை, இரண்டு லட்சம் கொடுத்தாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவார். 2013 சட்டப்படி உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவதே குற்றம், இறக்கச் சொன்னவருக்கு ஜெயில் உண்டு. இதை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் அனுபவத்துக்கு அடுத்த படி பம்ப் ரூம், பிரஷர் பம்ப் சிஸ்டம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். பெரிய குடியிருப்புகளில் இதற்கு ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். டிராயிங் படிக்க மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், சைட் இன்ஜினியரிடம் கேட்டால் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும்.