வட்டி மானியத்தை நம்பி நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் சாயப்பட்டறையில் மேற்பார்வையாளர். நான் தனியார் மருத்துவமனையில் செவிலியர். இருவர் சம்பளமும் சேர்த்து ஆண்டுக்கு 6 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். நகரை ஒட்டிய பகுதியில் 28 லட்சத்துக்கு ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். வங்கி 20 லட்சம் கடன் தருவதாகச் சொல்கிறது. "மத்திய அரசின் வட்டி மானியம் 1.80 லட்சம் வந்துவிடும். இப்போதைக்கு நகையை அடகு வைத்துச் சமாளியுங்கள், மானியம் வந்ததும் மீட்டுக்கொள்ளலாம்" என்கிறார் புரோக்கர். விண்ணப்பத்தை முடித்துத் தர 15 ஆயிரம் கேட்கிறார். மாமனார் பெயரில் கிராமத்தில் ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. அது தடையாகுமா? மானியம் கிடைத்தால் அதை எப்படிப் பயன்படுத்துவது நல்லது?

பதில்: நகையை வைக்காதீர்கள். அந்த மானியத்தால் அதை மீட்க முடியாது. அது உங்கள் கைக்கு வரும் பணமே அல்ல. உங்கள் வீட்டுக் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். அதுவும் ஒரே தொகையாக அல்ல, ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து தவணைகளில். முழுத் தொகையும் கிடைத்தால்கூட ஒரு தவணை 36 ஆயிரம்தான். புரோக்கர் சொன்ன கணக்கு இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

நீங்கள் கேட்பது பிரதமர் வீட்டுவசதித் திட்டம், நகர்ப்புறம் 2.0 என்பதன் வட்டி மானியப் பிரிவு. 2024 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ ஒப்புதலாகி வழங்கப்பட்ட வீட்டுக் கடன்களுக்கு இது பொருந்தும். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கார்ப்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்கு உட்பட்ட தளப்பரப்பு, 120 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும்; ஏறத்தாழ 1,290 சதுர அடி. ஆண்டு வருமானம் 6 லட்சம் முதல் 9 லட்சம் வரை உள்ளவர்கள் நடுத்தர வருவாய்ப் பிரிவு. நீங்கள் அதில் வருகிறீர்கள். வருமானம், விலை, கடன் ஆகிய மூன்றிலும் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

மாமனாரின் ஓட்டு வீடும் தடையல்ல. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். இவர்களில் எவர் பெயரிலும் இந்தியாவில் எங்கும் நிலையான கட்டுமானமுள்ள வீடு இருக்கக் கூடாது என்பதுதான் விதி. மாமனார் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆனால் அந்த வீட்டின் பட்டாவிலோ வீட்டு வரி ரசீதிலோ உங்கள் கணவர் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிராமத்தில் தந்தை இருக்கும்போதே மகன்கள் பெயரையும் சேர்த்துவிடுவது உண்டு. சேர்ந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் அதை வங்கியிடம் சொல்லிவிடுங்கள். கடந்த 20 ஆண்டுகளில் மத்திய, மாநில அரசுகளின் வேறெந்த வீட்டுத் திட்டத்திலும் பயன்பெறவில்லை என்றும் நீங்கள் உறுதி தர வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். வீடு "நகரை ஒட்டிய பகுதியில்" என்கிறீர்கள். இது நகர்ப்புறத் திட்டம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளிலும், அறிவிக்கப்பட்ட திட்டமிடல் பகுதிகளிலும் உள்ள வீடுகளுக்கே பொருந்தும். ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடு திட்டமிடல் பகுதிக்குள் வந்தால் தகுதி உண்டு. வராவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் மானியம் இல்லை. நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும். மனை அங்கீகாரத்தையும் கட்டட அனுமதியையும் அப்போதே சரிபார்த்துவிடலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

இனி மானியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்ப்போம். பெரும்பாலானோர் குழம்பும் இடம் இதுதான். "4 சதவீத மானியம்" என்றதும் 8.5 சதவீத வட்டி 4.5 ஆகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி ஆகாது. வங்கி உங்களிடம் முழு வட்டியையும் வசூலிக்கும். கடனில் முதல் 8 லட்சத்துக்கு மட்டும், அதிகபட்சம் 12 ஆண்டுக் காலத்துக்கு, 4 சதவீத வட்டி எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். வருங்காலத்தில் சேரும் அந்தத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைப்பார்கள். அதன் உச்சவரம்பு 1.50 லட்சம். ஐந்து ஆண்டுகளில் பிரித்துத் தருவதால் அது அதிகபட்சம் 1.80 லட்சம் ஆகிறது. எனவே 8 லட்சம் கடன் வாங்கியவருக்கும் 20 லட்சம் வாங்கியவருக்கும் உச்சவரம்பு ஒன்றே.

வீட்டை வாங்கும் நாளில் உங்களுக்குத் தேவைப்படும் பணத்தை மானியத்தைச் சேர்க்காமல் கூட்டிப் பாருங்கள். வீட்டு விலையில் கடன் போக 8 லட்சம் வேண்டும். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 28 லட்சத்துக்கு அது 2 லட்சத்து 52 ஆயிரம். இந்தச் செலவை வங்கி பொதுவாகக் கடனில் சேர்க்காது. ஆவண எழுத்தர், வழக்கறிஞர் கருத்துரை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் இதற்கு மேல். ஆக, சுமார் 11 லட்சம் கையில் இல்லாமல் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகக் கூடாது.

இதில் 1.80 லட்சம் குறைகிறது என்பதுதான் உங்கள் சிக்கல் என்றால், நகைக்கடனைவிட நல்ல வழி இருக்கிறது. வீட்டுக் கடனையே 21 லட்சத்து 80 ஆயிரமாக உயர்த்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன்களில் சொத்து மதிப்பின் 90 சதவீதம் வரை கடன் தர ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது. 25 லட்ச வரம்புக்குள்ளும் இருப்பீர்கள். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 20 லட்சத்தின் மாதத் தவணை 17,356 ரூபாய். 21.80 லட்சமானால் ஏறத்தாழ 18,920. மாதம் 55 ஆயிரம் வருமானத்தில் இது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. வேறு கடன் இல்லாவிட்டால் தாங்கக்கூடியதுதான். நகைக்கடனோ பெரும்பாலும் ஓராண்டில் திருப்ப வேண்டியது. புதுவீடு புகுந்த முதல் ஆண்டில், எதிர்பாராத செலவுகள் வந்து நிற்கும் நேரத்தில், அந்தக் கெடுவும் சேர்ந்து நெரிக்கும். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். வேலைக்கோ உடம்புக்கோ ஏதாவது ஆனால் உங்களுக்கு இருக்கும் ஒரே காப்பு அதுதான்.

மானியம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் கணக்கில் வரவாகும் தொகை அசலைக் குறைக்கும். அசல் குறைந்தால் மாதத் தவணையைக் குறைத்துக்கொள்ளலாம். அல்லது தவணையை அப்படியே வைத்துக் கடன் காலத்தைக் குறைக்கலாம். 20 லட்சக் கடனையே எடுத்துக்கொள்வோம். முதலாண்டு முடிவில் 36 ஆயிரம் வரவாகித் தவணையைக் குறைத்தால், மாதம் மிஞ்சுவது சுமார் 320 ரூபாய். ஐந்து தவணைகளும் வந்தபிறகு மாதம் ஏறத்தாழ 1,680. மாறாக 17,356 ரூபாயையே தொடர்ந்து கட்டினால், ஐந்தாம் ஆண்டு முடிவில் பாக்கி 17.6 லட்சத்துக்குப் பதில் 15.5 லட்சத்துக்கும் குறைவாக இருக்கும். 20 ஆண்டுக் கடன் 38 மாதங்கள் முன்னதாகவே முடிந்துவிடும். நீங்கள் கட்டாமல் தப்பும் தவணைகளைக் கூட்டினால் ஆறரை லட்சத்தைத் தாண்டும். வட்டி விகிதம் இடையில் மாறினால் இந்த எண்கள் மாறும். ஆனாலும் காலத்தைக் குறைப்பதே அதிக லாபம்.

மாதம் 320 ரூபாய் வீட்டுச் செலவில் எங்கே போனது என்றே தெரியாமல் கரைந்துவிடும். ஆகவே, காலத்தைக் குறைக்கச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள் என்பதே என் ஆலோசனை. அசலில் கூடுதல் வரவு வந்தால் தவணையைக் குறைப்பதா காலத்தைக் குறைப்பதா என்பதில் வங்கிக்கு வங்கி நடைமுறை வேறு. நீங்களாகக் கேட்காவிட்டால் அவர்கள் வழக்கப்படி செய்துவிடுவார்கள். ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்குத் தருவேன். பிள்ளைப்பேறு, பெற்றோரைப் பார்த்துக்கொள்வது போன்ற காரணத்தால் உங்களில் ஒருவர் சில ஆண்டுகள் வேலையை விட நேரும் என்றால், தவணையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும்போது தவணை தவறாமல் இருப்பதே முக்கியம்.

ஏனென்றால், ஒவ்வொரு மானியத் தவணையும் விடுவிக்கப்படும் நேரத்தில் கடன் நடப்பில் இருக்க வேண்டும். அசலில் 50 சதவீதத்துக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை பலருக்குத் தெரியாது. கடனைச் சீக்கிரம் அடைக்க நினைக்கும் பொறுப்பான குடும்பங்களே இதில் மாட்டிக்கொள்ளும். எட்டே ஆண்டுகளில் முடிக்கும் கடனாக வாங்கினால், 8.5 சதவீத வட்டியில் ஐந்தாம் ஆண்டு முடிவில் பாக்கி 46 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அந்த நேரத்தில் வர வேண்டிய மானியத் தவணை வராது. உங்கள் 20 ஆண்டுக் கடனில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இடையில் வருங்கால வைப்பு நிதியோ சீட்டுப் பணமோ வந்து, மொத்தமாகக் கடனில் கட்ட நினைத்தால், ஐந்தாவது தவணை வரவாகும் வரை பாக்கி 10 லட்சத்துக்கு மேலேயே (கடனை 21.80 லட்சமாக உயர்த்தினால் 10.90 லட்சத்துக்கு மேலேயே) இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் முன்கூட்டியே கட்டலாம். கடனை வேறு வங்கிக்கு மாற்ற விரும்பினாலும், மீதமுள்ள மானியம் என்னவாகும் என்று எழுத்துப்பூர்வமான பதில் வாங்காமல் மாற்றாதீர்கள்.

கிரயத்தை உங்கள் பெயரிலோ இருவர் பெயரிலுமோ பதியுங்கள். கணவர் பெயரில் மட்டும் வேண்டாம். குடும்பத் தலைவியின் பெயர் உரிமையில் இருக்க வேண்டும் என்பது இத்திட்டத்தின் பொது விதி. அது இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்; தவணையில் உங்கள் சம்பளமும் இருக்கிறதே.

விற்பவர் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வங்கி கடன் தருவது ஆவணத்தில் உள்ள மதிப்பை வைத்துத்தான். அதேபோல், மானிய விண்ணப்பத்தில் உங்கள் வருமானத்தை மறைத்துக் கணவர் வருமானத்தை மட்டும் காட்டலாம் என்று யாராவது சொல்லக்கூடும். இருவர் வருமானத்தையும் காட்டித்தான் 20 லட்சம் கடனுக்குத் தகுதி பெறுகிறீர்கள். இரண்டு தாள்களும் ஒரே கோப்பில் இருக்கும். 9 லட்சம் வரை தகுதி இருக்கும்போது மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

புரோக்கருக்கு அந்த 15 ஆயிரத்தைத் தர வேண்டாம். திட்டத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நீங்களே விண்ணப்பத்தைப் பதியலாம். குடும்பத்தினர் அனைவரின் ஆதார், வருமானச் சான்று, சொத்து ஆவணங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மானியக் கோரிக்கையை மேலே அனுப்புவது கடன் தரும் வங்கியின் வேலை. அதில் இடைத்தரகருக்கு எந்தப் பங்கும் இல்லை. கடன் ஒப்புதல் கடிதம் வாங்கும் நாளிலேயே, இந்தக் கிளை இத்திட்டத்தில் மானியம் கோருகிறதா, கோரிக்கையை எப்போது அனுப்பும் என்று மேலாளரிடம் கேளுங்கள். பதிவு எண்ணைக் குறித்து வாங்கி, கடன் கோப்புடன் சேர்த்து வையுங்கள். பிறகு ஆண்டுதோறும் கடன் கணக்கு அறிக்கையை வாங்கி, 36 ஆயிரம் வரவாகியிருக்கிறதா, காலம் குறைந்திருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள்.