மதிப்பீட்டில் உள்ள ‘பைல்’ எதற்கு?

கேள்வி: சிங்கப்பூரில் காலாங் பக்கம் உள்ள எங்கள் தரைவீட்டின் பின்புறம் சமையலறையை நீட்டிக் கட்டுகிறோம். கட்டுமானக் குத்தகையாளரின் மதிப்பீட்டில் ‘மைக்ரோபைல்’ என்று பெரிய தொகை இருக்கிறது. பைல் என்றால் என்ன? பெயர் எப்படி வந்தது? சாதாரண அஸ்திவாரம் போதாதா?

பதில்: பைல் என்பது கட்டடத்தின் பாரத்தை ஆழத்துக்கு இறக்கும் முளை. லத்தீனில் ‘பீலும்’ என்றால் எறியீட்டி. அதுவே பழைய ஆங்கிலத்தில் ‘பீல்’ ஆகிக் கூர்முனைக் கழியைக் குறித்தது. குவியல் என்று பொருள்படும் பைலுக்கு வேர் வேறு. இங்குள்ள பழைய கட்டடங்கள் பலவற்றின் அடியில் இருப்பவை ‘பக்காவ்’ எனும் கண்டல்மரக் கழிகள். நிலத்தடி நீரில் மூழ்கியிருக்கும்வரை அவற்றுக்குக் கேடில்லை. நீர்மட்டம் இறங்கித் தலைப்பகுதியில் காற்றுப் பட்டால் அழுகத் தொடங்கும்.

காலாங் வட்டாரத்தில் பல இடங்களில் அடியில் இருப்பது மென்மையான கடற்களிமண். பாரம் ஏறினால் அது நீரை மெல்ல மெல்ல வெளியேற்றி ஆண்டுக்கணக்கில் அமுங்கும். அதன்மேல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் அதுவும் கூடவே இறங்கும். பைல் இந்தக் களிமண்ணைக் கடந்து போய், அடியிலுள்ள கெட்டி மண்ணின் பக்க உராய்வாலோ முனைத் தாங்கலாலோ நிற்கிறது. மைக்ரோபைல் பொதுவாக 300 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காது. துளையிட்டு, இரும்பை இறக்கி, சிமெண்டுக் குழம்பை நிரப்புவார்கள். சிறிய இயந்திரம் போதும் என்பதால் குறுகிய பின்கட்டுக்கு ஏற்றது.

மண் பரிசோதனை இல்லாமல் பைலை நீக்கச் சொல்லாதீர்கள். மேல்மட்டத்திலேயே கெட்டி மண் இருப்பதாக அறிக்கை காட்டினால், பைல் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் உங்கள் நிபுணத்துவப் பொறியாளர்.

மதிப்பீட்டில் பைலின் நீளம் உத்தேசமாகவே இருக்கும். கூடுதல் ஒவ்வொரு மீட்டருக்கும் என்ன விலை என்று இப்போதே எழுதி வாங்குங்கள். பின்னர் தகராறு எழுவது பெரும்பாலும் இங்கேதான். தரையை உயர்த்தப் புதுமண் கொட்டுவதானால் பொறியாளரிடம் முன்பே சொல்லுங்கள். அமுங்கும் களிமண் பைலையும் கீழே இழுக்கும். அந்தப் பாரத்தையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். பழைய வீடு ஆழமில்லாத அஸ்திவாரத்திலும் புதுப் பகுதி பைலிலும் நின்றால் இரண்டும் ஒரே அளவில் இறங்காது. சுவரையும் உத்திரத்தையும் இறுக்கிப் பிணைத்தால் சேருமிடத்தில் விரிசல் விழும். அங்கே கூரைவரை பிரிப்பு இடைவெளி விட்டு, நீர் புகாதபடி நெகிழும் பொருளால் அடைத்திருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்.