ஜோடி சேர்த்தால் ஹாம்ஸ்டரின் ஆயுள் கூடுமா?

கேள்வி: எங்கள் சிரியன் வகை ஹாம்ஸ்டருக்கு (எலி இனத்துச் செல்லப்பிராணி) 14 மாதம் ஆகிறது. பகலெல்லாம் தூங்குகிறது, இரவில் கூண்டுக் கம்பியைக் கடிக்கிறது. தனிமைதான் காரணம், ஜோடி சேர்த்தால் ஆயுள் கூடும் என்று விற்றவர் சொல்கிறார். தண்ணீரில் கலக்க வைட்டமின் சொட்டு மருந்தும் கொடுத்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்: ஜோடி வாங்காதீர்கள். சிரியன் தனியாக வாழும் பிராணி. வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும், உயிரே போகலாம். ஆணும் பெண்ணும் என்றால் சேர்ந்த 16 நாளில் குட்டிகள் வந்துவிடும். விற்பவருக்கு வியாபாரம், அவஸ்தை உங்களுக்கு.

குள்ள வகைகளைச் சிலர் ஜோடியாக வளர்க்கிறார்களே என்பீர்கள். வளர்க்கலாம்தான். ஆனால் இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்து, ஒரே பாலாக இருந்து, பிரியாமல் வளர்ந்திருக்க வேண்டும். சக்கரம், கிண்ணம், பதுங்குமிடம் எல்லாமே இரண்டிரண்டு வேண்டும். அப்படியும் திடீரென்று ஒருநாள் பகை மூளலாம். ஒன்று கீச்சிட்டுக்கொண்டு மூலையில் ஒடுங்கினால் அன்றே பிரித்துவிட வேண்டும். அதற்கு இன்னொரு கூண்டு கைவசம் இல்லையென்றால் இதில் இறங்கவே வேண்டாம். உங்களுடையது சிரியன், அந்தப் பேச்சே இல்லை.

பகல் தூக்கம் இயல்பு. கம்பி கடிப்பது பெரும்பாலும் இடம் போதாததால். 100 சென்டிமீட்டர் நீளம், 50 அகலமாவது கொடுங்கள். காகிதத் துகளை 20 சென்டிமீட்டருக்கு மேல் நிரப்பினால் வளை தோண்டும். பஞ்சு வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும். சக்கரத்தில் ஓடும்போது பக்கவாட்டில் பாருங்கள்: முதுகு பின்னால் வளைந்தால் சக்கரம் சிறியது. 28 சென்டிமீட்டர் விட்டம், கம்பி இடைவெளி இல்லாத தளம், இதுதான் சரி. பொம்மைப்பெட்டி அளவுக் கூண்டின் மேல் 'ஹாம்ஸ்டருக்கு ஏற்றது' என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றிருப்பது எனக்கு ஆறாத கோபம்.

சொட்டு மருந்தை நிறுத்துங்கள். ருசி மாறினால் தண்ணீர் குடிப்பதே குறைந்துவிடும். நல்ல தீனி தின்றால் தனி வைட்டமின் தேவையில்லை.

சிரியனின் ஆயுளே 2 முதல் 3 ஆண்டுதான். வாராவாரம் சமையல் தராசில் எடை பாருங்கள். நோயை மறைக்கும் பிராணி இது, எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வால் அடியில் ஈரமும் பேதியும் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கால்நடைப் படிப்பில் இந்தச் சிறு பிராணிகளுக்கு ஒதுக்கும் நேரம் சொற்பம். அதனால் எலி இனங்களைப் பார்த்துப் பழகியவரா என்று போன் செய்தே கேட்டுவிடுங்கள். வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை மட்டும் வாயில் ஊற்றிவிடாதீர்கள். குடலின் நல்ல பாக்டீரியாவை அழித்து ஹாம்ஸ்டரைக் கொன்றுவிடும்.