சின்சில்லாக் கூண்டின் தரைக்கு எதை வாங்குவது?

சின்சில்லா என்னும் கொறிக்கும் சிறு பிராணியை வளர்க்கும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் கூண்டின் தளம், விரிப்பு ஆகியவற்றைப் பற்றியவை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: மகளின் இரண்டு சின்சில்லாக்களுக்காக வாங்கிய கூண்டில் எல்லாத் தளங்களும் கம்பிவலைதான். புழுக்கை தானாகக் கீழே விழுந்துவிடும், கழுவுவது எளிது என்று கடைக்காரர் சொன்னார். நான்கு மாதங்களில் ஒன்றின் உள்ளங்கால் சிவந்து, தோல் வெடித்திருக்கிறது. — ஹாரோ

பதில்: கடைக்காரர் சொன்னது உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டது, அந்த வசதிக்கான விலையை உங்கள் மகளின் சின்சில்லா தன் காலால் கொடுக்கும் என்பதை. அதன் உள்ளங்காலில் மயிர் கிடையாது. உடலின் எடை முழுவதும் மெல்லிய கம்பிகளின் மேல் இரவும் பகலும் அழுந்தும்போது தோல் தடித்து, வெடித்து, புண்ணாகிறது. கிருமி புகுந்தால் புண் எலும்பு வரை இறங்கும். சின்சில்லாவைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். வீட்டிலிருக்கும் களிம்பை நீங்களாகத் தடவ வேண்டாம், அது நக்கி விழுங்கிவிடும்.

அதே நாளில் தளங்களையும் மூடுங்கள். சின்சில்லாவின் கீழ்க்கால் எலும்பு தொடையெலும்பைவிட நீளமானது, அதைச் சுற்றிச் சதைப்பற்றும் குறைவு. கம்பியிடுக்கில் கால் சிக்கிய நிலையில் அது பயந்து துள்ளினால் எலும்பு எளிதில் முறியும். சூளையில் உலர்த்திய, பூச்சோ வண்ணமோ இல்லாத பைன் பலகையை அளவுக்கு அறுத்து மாடித் தளங்களில் பொருத்துங்கள். அடித்தட்டில் மரச்சீவலைப் பரப்புங்கள்.

சின்சில்லாவுக்கு என்று சொல்லித்தான் கூண்டை வாங்கினீர்கள் என்றால் விஷயம் இத்துடன் முடியவில்லை. நீங்கள் எடுத்துச்சொன்ன உபயோகத்துக்குப் பொருள் தக்கதாக இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் கூறுகிறது. முதல் 30 நாட்கள் கடந்துவிட்டதால் முழுப்பணத்தை உடனே கேட்க முடியாது. ஆயினும் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம், அதுவும் பலிக்காவிட்டால் பணத்தைக் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் கேட்பதால், குறை ஆரம்பத்தில் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது. மருத்துவரின் குறிப்பையும் காலின் புகைப்படத்தையும் இணைத்து எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: சீடார் மரச்சீவல் நல்ல மணமாக இருக்கிறது, கூண்டின் வாடையையும் அடக்குகிறது. தொடரலாமா? — லெஸ்டர்

பதில்: வேண்டாம். மணமாக உங்களுக்குத் தெரியும் அந்த எண்ணெய் சின்சில்லாவின் மூச்சுக்குழாயை எரிக்கும், ஈரலையும் பாதிக்கும்.

கேள்வி: செய்தித்தாள் விரித்தால் போதாதா?

பதில்: காகிதத்தைத் தின்னாத சின்சில்லா உங்களிடம் இருந்தால் போதும். அப்படி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி: என் கூண்டின் அடித்தட்டும் மாடிப்பலகைகளும் பிளாஸ்டிக்கில் வந்தன. ஓரங்களைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. கசப்புத் திரவம் தெளித்தால் நிறுத்திவிடுமா? — கிராய்டன்

பதில்: நிறுத்தாது. சின்சில்லாவின் முன்பற்கள் மட்டுமன்றிக் கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. கடிப்பது அதற்குத் தேவை, உங்கள் தட்டு அதற்கு எதிரே இருக்கிறது, அவ்வளவுதான். விழுங்கிய பிளாஸ்டிக் துணுக்கு குடலை அடைக்கலாம், இந்தப் பிராணியால் வாந்தியெடுக்கவும் முடியாது. ஆகவே கூண்டின் தரையில் வைக்கும் எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன், அது இதைத் தின்றால் என்ன ஆகும் என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். அழகு, விலை, துப்புரவு எல்லாம் அதற்குப் பிறகு.

நான் வாங்கிய முதல் கூண்டும் இந்த ரகம்தான். நான்கு மாடிகளும் அடியில் சக்கரங்களும் கொண்ட அது பாதி விலைக்குக் கிடைத்தது. சில வாரங்களில் தட்டின் ஓரம் ரம்பப்பல்லாக மாறியபோது மாற்றுத்தட்டு கேட்டேன். அந்த மாதிரியே நிறுத்தப்பட்டுவிட்டது என்றார்கள். அதனால் சொல்கிறேன்: கூண்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே உலோகத் தட்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். உங்களுடையதற்குக் கிடைக்காவிட்டால் உட்புற அளவை எடுத்துத் தகட்டு வேலை செய்யும் பட்டறையில் எவர்சில்வர் தட்டு செய்துகொள்ளலாம். துத்தநாகம் பூசியது மலிவாக இருக்கும். கடிக்கும் பிராணிக்கு அது உகந்ததல்ல.

கேள்வி: “60 லிட்டர்” என்று பெரிதாக அச்சிட்ட காகித விரிப்புப் பை வாங்கினேன். பை தலையணை அளவுகூட இல்லை. ஏமாற்றப்பட்டேனா? — ஈஸ்ட் ஹாம்

பதில்: சட்டப்படி ஒருவேளை இல்லை, நியாயப்படி ஆம். இந்த அளவு விவகாரத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக எரிச்சல் உண்டு என்பதால் சற்று நீளமாகவே சொல்கிறேன்.

விரிப்பை அழுத்திக் கட்டி விற்கிறார்கள். அழுத்தத்தில் இருக்கும்போது ஓர் அளவு, வீட்டில் பிரித்துக் கையால் உதிர்த்துப் பஞ்சுபோல ஆக்கிய பின் ஓர் அளவு; பல பைகளில் பெரிய எண் முன்பக்கத்தில் கொட்டையெழுத்திலும், சிறிய எண் பின்பக்கத்து மூலையிலும் இருக்கும். எவ்வளவு உதிர்த்தால் அந்தப் பெரிய எண் வரும் என்பதை எவரும் சொல்வதில்லை. அடுத்த அலமாரியில் இருக்கும் மரச்சீவலோ கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. லிட்டரையும் கிலோவையும் எந்த வாங்குபவர் கடையில் நின்று ஒப்பிடுவார்? ஒப்பிட முடியாமல் இருப்பது விற்பவருக்குத்தான் நல்லது.

கணக்கை நீங்களே போடுங்கள். தட்டின் நீளம், அகலம், விரிக்க வேண்டிய ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 90க்கு 60 தட்டில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 27 லிட்டர் வேண்டும். பையின் விலையைப் பையின் லிட்டரால் வகுக்காமல், அந்தப் பை உங்கள் தட்டை உண்மையில் எத்தனை முறை நிரப்புகிறது என்பதால் வகுங்கள். மலிவுப் பை மலிவாக இல்லை என்பது பலமுறை அப்போதுதான் தெரியும்.

இன்னொன்று. அந்தப் பையின் மேல் முயல், வெள்ளெலி, கினிப்பன்றி, சின்சில்லா எல்லாம் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். வெள்ளெலி அந்தக் காகிதப் பஞ்சில் வளை தோண்டும். சின்சில்லா அதைத் தின்று பார்க்கும், ஈரத்தில் ஊதும் காகிதம் வயிற்றிலும் ஊதலாம். ஆகவே உங்கள் பை அளவில் சரியாக இருந்திருந்தாலும் நான் அதை வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன். சூளையில் உலர்த்திய பைன் சீவலோ ஆஸ்பென் சீவலோ போதும்.

கேள்வி: பழைய குளியல் துண்டுகளை விரிக்கிறேன். ஃப்ளீஸ் என்னும் செயற்கை இழைத் துணி வாங்குவது வீண்செலவா?

பதில்: துண்டின் நூல் வளையங்களில் நகமும் விரலும் சிக்கும், பிரிந்த நூல் வயிற்றுக்குள் போகும். ஃப்ளீஸ் நூல் பிரியாது, அதுதான் அதன் ஒரே பெருமை. அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை, கீழே கடத்திவிடும். எனவே அடியில் உறிஞ்சும் அடுக்கு வேண்டும், விளிம்பை உள்மடித்துத் தைக்க வேண்டும், மணமற்ற சலவைத்தூளில் துவைக்க வேண்டும், துணி மென்மையாக்கியைச் சேர்க்கக் கூடாது. உங்கள் சின்சில்லா அதையும் தின்னத் தொடங்கினால் எடுத்துவிட்டுச் சீவலுக்குத் திரும்புங்கள்.

கேள்வி: குளிர்ச்சிக்காகக் கூண்டின் தரை முழுக்கக் கிரானைட் பலகை போட்டால் குளிர்சாதனம் தேவைப்படாது அல்லவா? — சிங்கப்பூர்

பதில்: தேவைப்படும். சின்சில்லா ஆண்டிஸ் மலையின் குளிரும் வறட்சியும் பழகிய இனம், அடர்ந்த மயிர் கொண்டது. 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து நெருங்குகிறது. உங்கள் ஊரில் கல்லும் அறையின் சூட்டுக்கே வந்துவிடும். ஒரு மூலையில் ஒரு கல் இருக்கட்டும், படுத்துக்கொள்ளும். மின்கட்டணம் கட்ட மனமில்லை என்றால் சின்சில்லா வாங்கியிருக்கக் கூடாது. ஈரக்காற்றில் விரிப்பில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், நனைந்த இடத்தை அன்றாடம் அள்ளுங்கள்.

கேள்வி: விளம்பரம் பார்த்த அன்றே ஒருவரிடம் சின்சில்லாவையும் கூண்டையும் சேர்த்து வாங்கிவிட்டேன். மாடிகள் ஒட்டுப்பலகை, மூத்திரம் ஊறி நாறுகிறது. திருப்பித் தர முடியுமா?

பதில்: விற்றவர் தனிநபர். சொன்னதுக்கு மாறான பொருளைத் தந்திருந்தால்தான் கேட்கலாம். நீங்களோ எதையும் கேட்கவில்லை, அவரும் எதையும் சொல்லவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடிய பிராணியை ஒரு மாலைநேரத்தில் வாங்கிவிட்டு வாடையைப் பற்றி எனக்கு எழுதுகிறீர்கள். ஒட்டுப்பலகையில் பசை இருக்கிறது, இன்றே கழற்றி எறியுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு கடையில் “சூளையில் உலர்த்திய பைன், தூசு நீக்கியது” என்று இரண்டு மூட்டை வாங்கினேன். பிரித்தால் தூசு பறக்கிறது, வண்ணம் பூசிய மரத்துணுக்குகள் கிடக்கின்றன. மூட்டையைப் பிரித்துவிட்டீர்கள், திருப்ப முடியாது என்கிறார்கள். வாங்கி ஒன்பது நாளாகிறது. — பர்மிங்காம்

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிரிக்காமல் எவராலும் அறிய முடியாது. சொன்னதுக்கு மாறான பொருளைப் பிரித்துப் பார்த்ததால் உங்கள் உரிமை போய்விடாது. 30 நாட்களுக்குள் இருப்பதால் பொருளை நிராகரித்து முழுப்பணத்தையும் கேட்கலாம், திருப்பி அனுப்பும் செலவும் அவர்களுடையது. மனம் மாறி 14 நாட்களுக்குள் திருப்புவது வேறு உரிமை, அதைக் காட்டி அவர்கள் உங்களைக் குழப்ப இடம் கொடுக்காதீர்கள். வண்ணத் துணுக்குகளை வெள்ளைத் தாளில் பரப்பிப் புகைப்படம் எடுங்கள், விளம்பர வாசகத்தை அவர்கள் மாற்றுவதற்குள் பதிந்து வையுங்கள், “2015 சட்டப்படி நிராகரிக்கிறேன்” என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். மறுத்தால், பணம் செலுத்திய அட்டையை வழங்கிய வங்கியிடம் தொகையைத் திரும்பப் பெற்றுத் தரும்படி கேளுங்கள். மூட்டைகளை அதுவரை தூக்கியெறிய வேண்டாம். பிராணியிருக்கும் அறையில் மட்டும் வைக்காதீர்கள்.