மாவட்டக் கவுன்சிலின் ஆட்சேபம் உங்கள் திட்டத்தை முடக்காது

வணக்கம். இங்கிலாந்தில் உங்கள் பாரிஷ் கவுன்சில் (ஊர்மட்ட உள்ளாட்சி மன்றம்) தயாரித்த கிராமத் திட்ட (Neighbourhood Plan) வரைவுக்கு மாவட்டக் கவுன்சில் பக்கம் பக்கமாக ஆட்சேபம் அனுப்பியிருக்கிறது, ஊரைச் சுற்றிய வயல்களைப் பசுமைவெளியாக (கட்டுமானத்திலிருந்து காக்கப்படும் Local Green Space) அறிவித்ததை ஏற்கவில்லை, உழைப்பெல்லாம் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணே இல்லை. கிராமத் திட்ட விதிமுறைகளின் 14ஆம் விதிப்படி, திட்டத்தைச் சமர்ப்பிக்கும் முன் நடக்கும் ஆறு வாரக் கருத்துக்கேட்பில் அவர்கள் சொல்வது கருத்து, தீர்ப்பு அல்ல.

ஆனால் வயல் விஷயத்தில் நியாயம் அவர்கள் பக்கம்தான். பசுமைவெளி குடியிருப்புக்கு அருகில், ஊர்மக்களுக்குத் தனிச்சிறப்பு உடையதாக இருக்க வேண்டும்; பரந்த நிலப்பரப்பாக இருக்கக் கூடாது என்கிறது தேசியக் கொள்கை. மொத்த வயலையும் கேட்டால், திட்டத்தைப் பரிசீலிக்கும் சுதந்திரமான தேர்வாளர் (examiner) பெரும்பாலும் அதை அடித்துவிடுவார். தேவாலயத்தை ஒட்டிய புல்வெளி, பிள்ளைகள் விளையாடும் திடல் என்று தனித்தனியாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் காரணமும் புகைப்படமும் சேருங்கள். நில உரிமையாளர்களுக்கு இப்போதே கடிதம் எழுதுங்கள்.

மற்ற ஆட்சேபங்களை ஓர் அட்டவணையில் போடுங்கள்: அவர்கள் சொன்னது, உங்கள் பதில், செய்த மாற்றம். திட்டத்தோடு தரவேண்டிய கருத்துக்கேட்பு அறிக்கைக்கு அதுவே முதுகெலும்பு. எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. மாவட்டத் திட்டத்தைப் பொறுத்தவரை, அதன் முக்கிய மூலோபாயக் கொள்கைகளோடு பொதுவாக ஒத்துப்போனால் போதும். மாவட்டக் கவுன்சிலின் வெறும் விருப்பங்களை, காரணம் சொல்லி மறுக்கலாம்.

சமர்ப்பிப்பதற்கு முன், மாவட்டத் திட்ட அதிகாரியை நேரில் சந்தித்துவிடுங்கள். இத்தகைய திட்டங்களுக்கு ஆலோசனையும் உதவியும் தருவது சட்டப்படி மாவட்டக் கவுன்சிலின் கடமை. தயங்காமல் கேளுங்கள்.