ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கு நிதி: கேட்பது, செலவிடுவது, கணக்குக் காட்டுவது

ஓர் ஆசிரியை, டிரஸ்ட் நடத்துபவர், ஒரு தாய் முதலானோர் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

மேடம், எங்கள் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 64 பிள்ளைகள். இரண்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு ஆட்டிசம். பள்ளி மானியத்தில் அவனுக்கு ஏதாவது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், டீச்சர். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானிய விதிப்படி 31 முதல் 100 மாணவர்கள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை உண்டு. கற்பித்தல் உபகரணங்களும் அதில் அடங்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்ட பிறகே வாங்குங்கள். பில் தேதி தீர்மானத்துக்கு முந்தியிருந்தால் தணிக்கையில் நிற்காது.

சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்ற ஒதுக்கீடு தனி. அது மாவட்ட அளவில் செலவாகிறது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் இந்தப் பையனுக்கு என்ன வந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

தொகை கையில் இருக்கிறது. எதை வாங்குவது?

கடைக்குப் போவதற்கு முன் ஐந்து நாள் பையனைக் கவனித்து எழுதுங்கள். எந்த நேரம், என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு என்ன ஆனது என்ற நான்கு கட்டம் போதும். அழுகை எல்லாம் மணி அடிக்கும்போதா, பாடம் மாறும்போதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பாடம் மாறுவதுதான் சிக்கல் என்றால் பட அட்டவணை, அதாவது அடுத்தடுத்த வேலைகளைப் படமாகக் காட்டும் பலகை. லேமினேஷன் மெஷின், 125 மைக்ரான் பவுச், 2 செ.மீ. வெல்க்ரோ பட்டை, ஒரு பலகை இருந்தால் போதும். இணையத்துக் கார்ட்டூன் படம் வேண்டாம். உங்கள் பள்ளிக் குழாய், உங்கள் பள்ளிக் கழிப்பறை, அவன் சாப்பிடும் தட்டு இவற்றையே போட்டோ எடுங்கள். படத்தை வெட்டிய பிறகு லேமினேட் செய்து, சுற்றிலும் 3 மி.மீ. பிளாஸ்டிக் ஓரம் விடுங்கள். முழுத்தாளை லேமினேட் செய்து படத்தின் விளிம்போடு வெட்டினால், ஈரக்கை பட்டுப் பட்டு அட்டை பிரிந்துவிடும். வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கம் அட்டையில், சொரசொரப்பு பலகையில். பள்ளி முழுவதும் இதே முறை இருக்கட்டும்.

பலகை பையனின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் 'இப்போது', 'அடுத்து' என இரண்டே அட்டை. வேலை முடிந்ததும் அவனே கழற்றி 'முடிந்தது' டப்பாவில் போட வேண்டும். பல பள்ளிகளில் அட்டவணை பலிக்காமல் போவது இங்கேதான்: கரும்பலகைக்கு மேலே அலங்காரமாகத் தொங்குகிறது, பிள்ளை தொடுவதே இல்லை.

சத்தம்தான் சிக்கல் என்றால் சிறுவர் அளவுக் காதுக்கவசம் ஒன்று. பிரார்த்தனை ஒலிபெருக்கி, மதியச் சாப்பாட்டு இரைச்சல் நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். நாள் முழுக்கப் போட்டால் சாதாரண சத்தமும் தாங்காமல் போகலாம்.

வண்ண விளக்கு, பந்துக்குளம் வைத்த 'சென்சரி ரூம்' கேட்காதீர்கள். பூட்டியே கிடக்கும் அறைகள்தான் அதிகம்.

எங்கள் டிரஸ்ட் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் விளையாட்டு வகுப்பு நடத்துகிறது. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகத் தரும் சிஎஸ்ஆர் நிதி கிடைக்குமா சார்? ஐந்து சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு காட்டக் கூடாதாமே?

சிறப்புக் கல்வி என்பது கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கிறது, அதனால் தகுதி உண்டு. வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளோடு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பெற்ற பதிவு எண்ணும் வேண்டும், இது 1.4.2021 முதல் கட்டாயம். அந்த ஐந்து சதவீத வரம்பு நிதி தரும் நிறுவனத்தின் சொந்த நிர்வாகச் செலவுக்கு உரியது, உங்களுடையதற்கு அல்ல. இது தெரியாமல் வாடகையையும் கணக்காளர் கூலியையும் விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டுவிட்டுப் பாதியில் திணறும் அமைப்புகள் ஏராளம். தன்னார்வலர் பயணப்படியைக்கூட எழுதுங்கள். நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் பிப்ரவரியில் ஓடாமல் ஏப்ரல், மே மாதங்களிலேயே போய்ப் பேசுங்கள்.

சிறப்பாசிரியர் சம்பளத்தை மானியத்தில் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் ஓராண்டு நிதியில் ஆள் எடுத்தால் அடுத்த ஜூனில் பிள்ளை பழகிய முகத்தை இழக்கும். இரண்டாம் ஆண்டுச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று விண்ணப்பத்திலேயே சொல்ல முடிந்தால் மட்டும் கேளுங்கள். ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் உள்ளவரைத்தான் எடுக்க வேண்டும்.

அம்மாவாக நான் எதற்கு விண்ணப்பிக்கலாம் அக்கா?

மாற்றுத்திறன் சான்றிதழும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டையும் முதலில். பிறகு தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு: ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, முன் பரிசோதனை கிடையாது, ஆட்டிசத்துக்கும் உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

பணம் உரிய வகையில் செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழோடு அறிக்கையும் கேட்கிறார்கள். என்ன எழுதுவது?

"200 பேருக்கு விழிப்புணர்வு" என்ற வரியைத் தவிருங்கள். வாங்குவதற்கு முன் எழுதிய அந்த ஐந்து நாள் தாளையும் மூன்று மாதம் கழித்து அதேபோல் எழுதிய தாளையும் இணையுங்கள். எத்தனை முறை அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்டான், எத்தனை நிமிடம் உட்கார்ந்தான் என்பதே ஆதாரம். குழந்தையின் முகமோ பெயரோ வேண்டாம். பலகையின் படம் போதும். பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாத படத்தை நிதி கொடுத்தவர் கேட்டாலும் தராதீர்கள்.